வாசல் கேமரா தொலைக்காட்சியில்: டைனிகேம் மானிட்டர் எப்படி இருக்கிறது?

கேமரா விற்கிறவர்கள் கைப்பேசிச் செயலி ஒன்றைக் கொடுத்ததும் தங்கள் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் செயலி போதும். வீட்டில் இருக்கும் வயதானவருக்கு அது உதவுவதே இல்லை. என் அப்பாவுக்கு முழங்கால் வலி. கண் பார்வையும் மங்கல். அழைப்பு மணி அடித்தால், கைப்பேசியை எடுத்துப் பூட்டைத் திறந்து, செயலியைத் தேடி, அது கேட்கும் புதுப்பிப்பைத் தள்ளிவிட்டு, கேமராவின் பெயரைத் தொட்டு, சுழலும் வட்டம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வந்தவர் போய்விடுவார். இல்லாவிட்டால் அப்பா பொறுமையிழந்து எழுந்துபோய், வந்தவர் யாரென்று தெரியாமலேயே கதவைத் திறந்துவிடுவார். எனக்குப் பயம் இந்த இரண்டாவதில்தான்.

தொலைக்காட்சி ரிமோட் அப்படியில்லை. கண்ணை மூடிக்கொண்டே அதை இயக்குவார். எனவே வாசலும் பின்கட்டும் தொலைக்காட்சியிலேயே தெரிய வேண்டும், அதுவும் ரிமோட்டில் ஓரிரு பொத்தான்களை அழுத்தினால் போதும் என்றிருக்க வேண்டும் என்பது என் தேவை. அதற்காகப் பல வழிகளைப் பார்த்து, கடைசியில் ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிக்கான டைனிகேம் மானிட்டர் செயலியில் நிலைகொண்டிருக்கிறேன். இந்த மதிப்புரை அதைப் பற்றியதுதான். ஆனால் மற்ற வழிகள் ஏன் ஒத்துவரவில்லை என்று சொல்லாவிட்டால் இதன் அருமை புரியாது.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, கைப்பேசித் திரையை அப்படியே தொலைக்காட்சியில் காட்டுவது. அவசரத்துக்கு ஒருமுறை செய்யலாம், நாள்தோறும் முடியாது. கைப்பேசி விழித்திருக்க வேண்டும், அழைப்பு வந்தால் படம் மறையும், மின்கலமும் விரைவில் தீரும். அதைவிட, கைப்பேசிக்காரர் வெளியே போனால் வசதியும் அவரோடு போய்விடும். வீட்டில் இருப்பவருக்காகச் செய்யும் ஏற்பாடு வெளியே போகிறவரின் சட்டைப்பையில் இருப்பதில் என்ன பயன்?

என்.வி.ஆர். அல்லது டி.வி.ஆர். எனப்படும் பதிவுப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அதை நான் மிகவும் மதிக்கிறேன். பெட்டியின் பின்புறம் ஹெச்.டி.எம்.ஐ. துளை இருக்கும். அதிலிருந்து தொலைக்காட்சிக்கு ஒரு கம்பி இழுத்தால் வேலை முடிந்தது. செயலி வேண்டாம், இணையம் வேண்டாம், தாமதமும் மிகக் குறைவு. பெட்டியும் தொலைக்காட்சியும் ஒரே அறையில் இருந்தால், மேற்கொண்டு படிக்காமல் அதையே செய்யுங்கள் என்பேன். எங்கள் வீட்டில் பெட்டி மாடி அறையில், தொலைக்காட்சி கீழே கூடத்தில். ஹெச்.டி.எம்.ஐ. கம்பி பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் சாதாரணக் கம்பியில் படம் விட்டுவிட்டு வரும். நெட்வொர்க் கேபிள் வழியே ஹெச்.டி.எம்.ஐ.யை நீட்டிக்கும் கருவிகள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுக்கு இரு முனையிலும் ஒரு பெட்டி, மின் இணைப்பு, சுவரில் புதுத் துளை என்று வேலை நீளும்.

ஆப்பிள் டிவி வைத்திருப்போர், ஆப்பிளின் வீட்டுக் கருவி முறையான ஹோம்கிட்டோடு ஒத்துப்போகும் வாசல்மணிக் கேமரா வாங்கினால், 2020-இல் வந்த டிவி.ஓ.எஸ். 14 இயங்குதளம் முதல், மணி அடித்ததும் திரையின் ஓரத்திலேயே வாசலைப் பார்க்கலாம். அலெக்ஸா, கூகுள் ஆகியவற்றிலும் தங்களோடு ஒத்துப்போகும் கேமராக்களைக் குரல் கட்டளையால் வரவழைக்க முடியும். வசதியான ஏற்பாடுகள்தாம். ஆனால் கேமரா, தொலைக்காட்சி, கணக்கு எல்லாம் ஒரே முகாமைச் சேர்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே சுவரில் மாட்டியிருக்கும் கேமராவைக் கழற்றி எறிய எனக்கு மனமில்லை.

பெரும்பாலான கம்பி இணைப்புக் கேமராக்களில் ஆர்.டி.எஸ்.பி. என்ற பொது நெறிமுறை இருக்கிறது. 1998-இல் தரப்படுத்தப்பட்ட பழைய சங்கதி. இன்றும் கேமரா உலகம் அதன்மேல்தான் நிற்கிறது. வீட்டு நெட்வொர்க்குக்குள் இருக்கும் எந்தக் கருவியும் கேமராவின் ஐ.பி. முகவரியையும் கடவுச்சொல்லையும் தெரிந்துகொண்டு 554 என்ற போர்ட் (கருவியின் நுழைவாயில்) எண்ணில் கேட்டால், கேமரா படத்தை நேரடியாக அனுப்பும். வெளிநாட்டுச் சர்வரைச் சுற்றி வர வேண்டியதில்லை. இணையம் துண்டிக்கப்பட்டிருந்தாலும், ரூட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை வாசல் தெரியும். எனக்கு வேண்டியது இந்தக் குறுக்கு வழிதான். டைனிகேம் செய்வதும் இதையே.

நிறுவுவதில் சிரமம் இல்லை. தொலைக்காட்சியின் செயலிக் கடையில் கிடைக்கிறது. இலவசப் பதிப்பில் விளம்பரங்கள் வரும். கட்டணப் பதிப்பில் அவை இல்லை. அப்பாவின் திரையில் தேவையில்லாத ஒன்றும் குறுக்கே வரக்கூடாது என்பதற்காகவே கட்டணப் பதிப்பை வாங்கினேன். கேமராவைச் சேர்க்கும்போது, நெட்வொர்க்கைத் துழாவி, ஆன்விஃப் தரத்தைப் பின்பற்றும் கேமராக்களைத் தானே கண்டுபிடித்துக் காட்டுகிறது. ஆன்விஃப் என்பது 2008-இல் ஆக்சிஸ், பாஷ், சோனி நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. ஒரு நிறுவனத்தின் கேமரா இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு பேச வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. என் கேமராக்கள் வெவ்வேறு நிறுவனத்தவை. அவை அத்தனையையும் ஒரே திரையில் பார்க்க முடிவது இதனால்தான்.

ஒரு கேமரா மட்டும் அடம்பிடித்தது. கடவுச்சொல் சரி, பெயர் சரி, ஆனாலும் அனுமதி மறுப்பு. இந்த இடத்தில் பலரும் செயலியைத் திட்டிவிட்டு நீக்கிவிடுகிறார்கள். அவர்களுக்காகச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். ஆன்விஃப் முறையில் கடவுச்சொல்லை அனுப்பும்போது அந்த நேரமும் அதோடு சேர்த்துக் குழைக்கப்படுகிறது. கேமராவின் கடிகாரம் தொலைக்காட்சியின் கடிகாரத்திலிருந்து மிகவும் விலகியிருந்தால், சரியான கடவுச்சொல்லையே கேமரா மறுத்துவிடும். மின்சாரம் போய்வந்ததில் அந்தக் கேமராவின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. நேரத்தைத் திருத்தியதும் மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டது. சில கேமராக்களில் ஆன்விஃப் வசதி தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அதற்கென்று தனிப் பயனரை உருவாக்கினால்தான் வேலை செய்யும். அதையும் பார்த்துவிடுங்கள். ரூட்டரில் ஒவ்வொரு கேமராவுக்கும் நிலையான முகவரியை ஒதுக்குவதும் அவசியம். இல்லையென்றால் மின்தடை முடிந்து எல்லாம் உயிர்பெறும்போது முகவரிகள் இடம் மாறி, தொலைக்காட்சியில் கறுப்புக் கட்டங்கள்தாம் தெரியும்.

படம் வந்தது. வந்த விதம் பிடிக்கவில்லை. கேமராவைத் தேர்ந்தெடுத்தால், சாம்பல் நிறத் திரை வெகுநேரம் நின்று, பிறகுதான் வாசல் தெரிந்தது. காரணம் கேமராவின் அமைப்பில் இருந்தது, செயலியின்மேல் குற்றமில்லை. காணொளி என்பது அடுத்தடுத்து ஓடும் ஃப்ரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள். கேமரா ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுப்படமாக அனுப்புவதில்லை. எப்போதாவது ஒரு முழுப்படம். இடையில் மாறிய பகுதிகள் மட்டும். அந்த முழுப்படத்துக்கு ஐ-ஃப்ரேம் என்று பெயர். நாம் நடுவில் நுழைந்தால் அடுத்த ஐ-ஃப்ரேம் வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். சேமிப்பு இடத்தைக் குறைக்கும் ‘ஸ்மார்ட்’ சுருக்க முறைகள் இந்த இடைவெளியை மிகவும் நீட்டிவிடுகின்றன. பதிவுக்கு அது சிக்கனம், நேரடியாகப் பார்ப்பவருக்குத் தண்டனை. அந்த முறையை அணைத்துவிட்டு, நொடிக்கு 15 ஃப்ரேம் என்றிருக்கும் கேமராவில் ஐ-ஃப்ரேம் இடைவெளியையும் 15 என்று வைத்தேன். அதாவது நொடிக்கு ஒரு முழுப்படம். இப்போது பெயரைத் தேர்ந்தெடுத்ததும் வாசல் வந்துவிடுகிறது. இந்த ஒரு மாற்றம் தந்த பலனை வேறெந்த அமைப்பும் தரவில்லை.

அடுத்த குறை, ஆள் நடக்கும்போது அவர் பின்னாலேயே வண்ணம் இழுத்துக்கொண்டு போவதும், முகம் பாதி சிதைந்து நிற்பதும். படத்தின் துண்டுகள் வழியில் தொலைவதால் வருவது அது. யு.டி.பி. முறையில் தொலைந்த துண்டு தொலைந்ததுதான், டி.சி.பி. முறையில் மீண்டும் அனுப்பப்படும். செயலியில் ஒவ்வொரு கேமராவுக்கும் இதைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். டி.சி.பி.க்கு மாற்றியதும் சிதைவு நின்றது. தொலைக்காட்சியை வைஃபையிலிருந்து விடுவித்து நெட்வொர்க் கேபிளில் இணைத்தது மீதியைச் சரிசெய்தது. தொலைக்காட்சிகளின் கேபிள் துளை பெரும்பாலும் 100 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும் என்று சிலர் குறைசொல்வார்கள். ஒரு கேமராவுக்கு 4 மெகாபிட் என்று வைத்தாலும் நான்கு கேமராவுக்கு 16 மெகாபிட்தான். தாராளமாகப் போதும்.

திரையை நான்காகப் பிரித்து நான்கு கேமராக்களையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் அப்பாவுக்குப் பிடித்தது. இங்கே செயலியின் நல்ல குணம் ஒன்று தெரிகிறது. பெரும்பாலான கேமராக்கள் ஒரே காட்சியை இரண்டு தரத்தில் அனுப்பும்: முதன்மை ஓடை, துணை ஓடை. 1920×1080 திரையை நான்காகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது 960×540 மட்டுமே. அதற்குள் 2560×1440 படத்தைத் திணிப்பதால் தொலைக்காட்சியின் சிப்புக்கு மூச்சு முட்டுமே தவிர, கண்ணுக்கு ஒரு நன்மையும் இல்லை. கட்டங்களுக்குத் துணை ஓடை, ஒன்றை மட்டும் பெரிதாக்கும்போது முதன்மை ஓடை என்று ஏற்பாடு செய்துவிட்டேன். அப்பா வாசல் கட்டத்தில் ரிமோட்டின் நடுப்பொத்தானை அழுத்துகிறார். வந்தவர் திரை முழுக்க நிற்கிறார்.

எச்.265 என்ற காணொளிச் சுருக்க முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013-இல் வந்த இந்த முறை, 2003-இன் எச்.264-ஐவிடக் குறைந்த இடத்தில் அதே தரத்தைத் தரும். ஆனால் பழைய தொலைக்காட்சிகளிலும் மலிவான பெட்டிகளிலும் பல எச்.265 ஓடைகளை ஒரே நேரத்தில் விரிக்கும் வலு இருக்காது. பதிவாகும் முதன்மை ஓடையை எச்.265-இலும், தொலைக்காட்சிக்கான துணை ஓடையை எச்.264-இலும் வைத்தால் சண்டையில்லை.

தாமதத்தை அளந்து பார்த்தேன். கைப்பேசியில் நிறுத்துக்கடிகாரத்தை ஓடவிட்டு கேமராவின் முன் நிறுத்தி, அதே படம் தெரியும் தொலைக்காட்சியையும் கடிகாரத்தையும் ஒரே புகைப்படத்தில் பிடிப்பதற்கு எளிய வழி, சிறிய கேமரா ஒன்றைக் கழற்றிக் கூடத்துக்கே கொண்டுவந்து விடுவது. இரண்டு எண்களையும் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு நொடி. அதே காட்சி கேமரா நிறுவனத்தின் கைப்பேசிச் செயலியில் இணையம் சுற்றி வரும்போது அதைவிட நன்றாகவே பின்தங்கியது. கதவைத் திறக்கலாமா என்று முடிவெடுக்க ஒரு நொடி ஒன்றுமில்லை. வந்தவர் கையை அசைத்தால் அது அசையும்போதே பார்க்கிற உணர்வு இருக்கிறது.

வி.எல்.சி. பிளேயர் என்ற காணொளிச் செயலியையும் தொலைக்காட்சியில் வைத்திருக்கிறேன். முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது, ஆர்.டி.எஸ்.பி. முகவரியை அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஒரே ஒரு கேமரா இருக்கும் வீட்டுக்கு அதுவே போதுமானது. செலவு செய்யும் முன் அதில் சோதித்துப் பாருங்கள். அதில் படம் வந்தால் டைனிகேமிலும் வரும் என்று ஓரளவு நம்பலாம். ஆனால் அது கேமராவுக்கென்று செய்யப்பட்டதல்ல. நான்கு கட்டம் இல்லை. முகவரியைத் தட்டச்சு செய்யும் வேலை ரிமோட்டில் பெரும் தவம். (டைனிகேமிலும் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தாக வேண்டும். அதற்குத் தொலைக்காட்சியின் கைப்பேசி ரிமோட் செயலியைப் பயன்படுத்துங்கள், அல்லது யு.எஸ்.பி. விசைப்பலகையைச் செருகிவிடுங்கள்.)

கைப்பேசியிலிருந்து தொலைக்காட்சிக்குப் படம் அனுப்ப உதவும் கூகுளின் குரோம்காஸ்டுக்கு நேரடியாக அனுப்பலாமே என்று கேட்பவர்களுக்கு: அது ஆர்.டி.எஸ்.பி.யை நேரடியாக ஏற்பதில்லை. நடுவில் யாராவது எச்.எல்.எஸ். போன்ற வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும். எச்.எல்.எஸ். படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்பும் முறை. திரைப்படம் பார்க்கச் சிறந்தது. வாசலில் நிற்பவரைப் பார்க்க ஏற்றதல்ல. துண்டுகள் சேர்ந்து திரைக்கு வருவதற்குள் அவர் அலுத்துப் போயிருப்பார். கணினியில் ஆர்வமுள்ளவர்கள் ஹோம் அசிஸ்டன்ட், கோ2ஆர்.டி.சி. போன்ற திறமூல மென்பொருள்களை ஒரு சிறு கணினியில் ஓடவிட்டு இன்னும் பல வித்தைகள் செய்யலாம். கேமராவின்மேல் பளு ஏறாமல் ஒரே ஓடையைப் பல திரைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அவற்றில் மிகவும் பயனுள்ளது. ஆனால் அந்தச் சிறு கணினியைப் பராமரிக்க வீட்டில் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். நான் பல நாள் வெளியூரில் இருக்கிறேன். எனக்கு அது வேண்டாம்.

டைனிகேமில் எனக்கு இன்னும் மனக்குறை உள்ள இடங்கள் உண்டு. அமைப்புப் பக்கங்கள் அடுக்கடுக்காக விரிகின்றன. விவரம் தெரிந்தவருக்கு விருந்துதான், ஆனால் அப்பா தவறி உள்ளே போய்விட்டால் வெளியே வரத் திணறுகிறார். தொலைக்காட்சியின் நினைவகம் குறைவாக இருந்தால், வேறு செயலிக்குப் போய்த் திரும்பும்போது எல்லாக் கேமராவும் முதலிலிருந்து இணைகின்றன. செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் வாசல் படம் தானாகத் திரையில் குதித்து வருவதற்கு என் ஏற்பாட்டில் வழியில்லை. அப்பாதான் செயலியைத் திறக்க வேண்டும். முகப்புத் திரையில் முதல் இடத்தில் அதை வைத்திருப்பதால் சமாளிக்கிறார். வந்தவரோடு பேச தொலைக்காட்சியில் மைக் கிடையாது. அதற்குக் கதவின் உள்ளிருந்தே குரல் கொடுக்க வேண்டியதுதான்.

பெரிய திரையிடம் அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது. கேமரா பிடிக்காத விவரம் திரை பெரிதானதால் வந்துவிடாது. இரவில் அகச்சிவப்பு விளக்குக்கு மாறியதும் கறுப்பு வெள்ளைப் படத்தில் புள்ளிகள் மொய்க்கும். தொலைக்காட்சியின் ‘விவிட்’ போன்ற பளிச்சென்ற பட அமைப்பு அந்தப் புள்ளிகளையும் கூர்மையாக்கிக் காட்டும். ‘சினிமா’ அமைப்புக்கு மாற்றினால் படம் அமைதியாகும், முகமும் தெளியும். ஓலெட் தொலைக்காட்சி வைத்திருப்பவர்கள், கேமரா படத்தின் மூலையில் அசையாமல் நிற்கும் தேதி எழுத்தை அணைத்துவிடுங்கள். நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் தழும்பாகத் தங்கிவிடக்கூடும். பதிவுக்குத் தேதி அவசியம் என்றால், கேமரா படத்தை நாள் முழுக்கத் திரையில் வைத்திருக்காதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், கேமராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே அக்டோபர் 21 அன்று, இணையத்தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தைத் தாக்கியது. அன்று உலகின் பல பெரிய இணையத்தளங்கள் திறக்கவில்லை. அந்தக் கருவிகளுக்குள் மிராய் நுழைந்தது எந்த மந்திரத்தாலும் அல்ல. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால். கேமராவின் கடவுச்சொல்லை வாங்கிய அன்றே மாற்றுங்கள். தொலைக்காட்சிக்கென்று, பார்க்க மட்டும் உரிமையுள்ள தனிப் பயனரை உருவாக்கி, அந்தப் பெயரைத்தான் செயலியில் கொடுங்கள். தொலைக்காட்சியில் என்னென்ன செயலிகள் ஏறுகின்றன என்று வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. நிர்வாகியின் கடவுச்சொல் அங்கே இருக்கவே கூடாது. வெளியூரிலிருந்து பார்க்க வசதியாக இருக்கும் என்று 554-ஆம் எண்ணை ரூட்டரில் திறந்துவிடச் சொல்லும் ஆலோசனை இன்னும் உலவுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் வயர்கார்டு போன்ற வி.பி.என். (இணையத்தின் வழியே போகும் மறையாக்கப்பட்ட தனிப்பாதை) வழியே வீட்டு நெட்வொர்க்குக்குள் வாருங்கள்.

தொலைக்காட்சி கூடத்தில் இருக்கிறது, கூடத்துக்கு விருந்தினர் வருகிறார்கள். படுக்கையறைப் பக்கத்துக் கேமராவை நான் தொலைக்காட்சியில் சேர்க்கவே இல்லை. வாசல் கேமராவில் எதிர்வீட்டு ஜன்னல் தெரிந்த பகுதியைக் கேமராவின் மறைப்பு வசதியால் கறுப்பாக்கிவிட்டேன். அவர்கள் வீட்டுக்குள் நடப்பது எங்கள் கூடத்துத் திரையில் ஓட வேண்டிய அவசியம் இல்லை.

புதிதாகக் கேமரா வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் இரண்டு பெயர்களை மட்டும் கேளுங்கள்: ஆர்.டி.எஸ்.பி. இருக்கிறதா, ஆன்விஃப் இருக்கிறதா. இரண்டும் இல்லையென்றால், அந்தக் கேமராவில் தெரிவது தயாரித்தவரின் செயலி விரும்பும் இடத்தில் மட்டும்தான் தெரியும். நான் முன்பு பார்த்த ஒரு கேமராவில் பெட்டிமேல் ‘எல்லாத் திரையிலும் பார்க்கலாம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். உள்ளே இருந்த கையேட்டில் கைப்பேசியைத் தவிர வேறு திரையின் பேச்சே இல்லை. கேட்டதற்கு, மாதச் சந்தா கட்டினால் எதிர்காலத்தில் வரலாம் என்றார்கள். அதை வாங்கவில்லை.

மின்கலத்தில் இயங்கும் கம்பியில்லாக் கேமரா மட்டும் வைத்திருப்பவர்கள் டைனிகேமின் கட்டணப் பதிப்பை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். மின்கலத்தைச் சேமிப்பதற்காக அவை பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டிருக்கும், பெரும்பாலானவற்றில் ஆர்.டி.எஸ்.பி. இருக்காது. மின் இணைப்புள்ள கேமரா, ஆண்ட்ராய்டு தொலைக்காட்சி அல்லது அதற்கான பெட்டி, அமைத்துக்கொடுக்க ஒரு மாலை நேரம் ஒதுக்கக்கூடிய ஒருவர் – இவை இருக்கும் வீட்டில் தயங்காமல் வாங்கலாம். அமைத்து முடித்ததும், யாருக்காகச் செய்தீர்களோ அவர் கையில் ரிமோட்டைக் கொடுத்து, நீங்கள் வெளியே போய் மணியை அடித்துப் பாருங்கள். அவர் தடுமாறும் பொத்தான் எது என்பது அப்போதுதான் தெரியும். அதற்கேற்ப கட்டங்களின் வரிசையை மாற்றிவையுங்கள். எங்கள் வீட்டில் வாசல் கேமரா இடப்பக்க மேல்மூலையில் இருக்கிறது. செயலியைத் திறந்ததும் அப்பா அம்புக்குறியைத் தொடாமலேயே அதைப் பெரிதாக்கலாம்.